அதே மைக்கில் சொல்லுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஆலய நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஐயாக்களுக்கும் குழுவில் உள்ள அண்ணன் தம்பிமார்களுக்கும், கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் ஊர்க்காரி எழுதிக்கொள்வது.

வணக்கம்.

ஆடித் திருவிழா மூன்றாம் நாள் இரவு அன்னதான மண்டபத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மைக் உங்களிடம்தான் இருந்தது. மறுநாள் காலை மண்டபத் தூணில் ஒட்டிய நோட்டிசும் உங்களுடையதுதான். "கறுப்பு உடை, கறுப்பு உதட்டுச் சாயம், பேய் போன்ற அலங்காரம் கண்டிப்பாக அனுமதி இல்லை" என்று அச்சடித்து, கீழே ஆலய முத்திரையும் குத்தியிருக்கிறது. ஆறு வாரமாகிறது. மழையில் ஒரு மூலை பிய்ந்ததும் யாரோ புதிதாக டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கழிப்பறைக் கதவுக்கு இரண்டு வருடமாகத் தாழ்ப்பாள் இல்லை, அதற்கு இந்த அக்கறை வரவில்லை. சரி, அது வேறு கதை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த நோட்டிசைக் கழற்றுங்கள். என் மகளிடம், எந்த மைக்கில் அவளைச் சொன்னீர்களோ அதே மைக்கில், தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்றைக்கு அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தையல் தையலாகத் தெரியும். கணுக்கால் வரை கறுப்புப் பாவாடை. கழுத்து வரை ஏறிய காலர், மணிக்கட்டு வரை கை. கையில் வைத்த லேஸ், பழைய துணி விற்கும் பண்டல் கடையில் மூன்று வெள்ளிக்கு வாங்கிய ஜன்னல் திரை. அதை அவளே சாயம் போட்டுக் கறுப்பாக்கினாள். என் வீட்டு வாளி இன்னும் நீலம் பாரித்துத்தான் கிடக்கிறது. முகமும் விரலும் தவிர உடம்பில் ஓர் அங்குலம் வெளியே தெரியவில்லை. அதே பந்தியில் முதுகு பூராவும் திறந்த ரவிக்கையோடு ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அதில் ஐந்து ரவிக்கை நான் தைத்தது, நன்றாகத்தான் இருந்தது.

அவள் சாயங்காலம் நான்கு மணிக்கே வந்து பூசணிக்காய் வெட்டினாள். எட்டரைக்கு ரச வாளியோடு இரண்டாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் மைக்கில் அறிவிப்பு வந்தது. "பேய் வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கும் பிள்ளைகள் வெளியே போய் முகம் கழுவிவிட்டு உள்ளே வரவும்." பிள்ளைகள் என்று பன்மையில் சொன்னீர்கள். மண்டபத்தில் அப்படி இருந்தவள் ஒருத்திதான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். அவள் ரச வாளியைப் பக்கத்தில் இருந்த பையனிடம் கொடுத்தாள். கரண்டியைக்கூடச் சத்தம் வராமல்தான் வைத்தாள்.

செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள குழாயில் முகம் கழுவினாள். ஐயா, உங்கள் வீட்டில் கண்மை போடுகிறவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இப்போது விற்கிற மை தண்ணீருக்குக் கரையாது. தேய்க்கத் தேய்க்கக் கன்னமெல்லாம் இழுகும். இழுகினால் அப்புறம் நிஜமாகவே பேய் மாதிரிதான் இருக்கும். அப்படியே உள்ளே வர முடியாது என்று, தட்டுக் கழுவ வைத்திருந்த சோப்பை எடுத்துக் கண்ணில் தேய்த்திருக்கிறாள். அண்டா கழுவுகிற சோப்பு. நான் அவளைத் தேடிப் போனபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கண் இரண்டும் சிவந்து வீங்கி, திறக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் போகலைம்மா" என்றாள். மை போகவில்லை என்று சொன்னாள். காலடியில் நானூறு ஜோடிச் செருப்பு.

நான்கு நாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டோம். கண் சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பூசைக்குக் கூப்பிட்டால் மட்டும், "நீங்க போய்ட்டு வாங்கம்மா, பரவால்ல" என்கிறாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

பேய் வேஷம் என்றீர்களே, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. கோத்திக். தைக்கிறவள் தைக்கும் துணியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? மகள் சொன்னதும் நானே தேடிப் படித்ததுமாகக் கொஞ்சம் சொல்கிறேன். 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பாட்டும் உடையுமாக இளசுகள் தொடங்கியது இது. 1979-இல் பவ்ஹவுஸ் என்ற இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. 1982-இல் லண்டன் சோகோவில் பேட்கேவ் என்று ஓர் இரவு விடுதியில் இவர்கள் கூடினார்கள். வௌவால் குகை என்று அர்த்தமாம். நம் பத்துமலையிலும்தான் வௌவால் தொங்குகிறது, அதனால் யாரும் போகாமல் இருக்கிறோமா? 1981-இல் யோஜி யமமோட்டோ, ரெய் கவாகுபோ என்ற இரண்டு ஜப்பானிய உடை வடிவமைப்பாளர்கள் பாரிசில் கறுப்புத் துணியாகவே மேடையேற்றினார்கள். பார்த்தவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு வரிசையில் நின்று வாங்கினார்கள். 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில், கறுப்பு உடையும் இரட்டைச் சடையுமாக ஒரு பெண் வரும் 'வெட்னஸ்டே' தொடர் வந்த பிறகு என் கடைக்கே இரட்டைச் சடை போட்ட பிள்ளைகள் கறுப்புக் கவுனுக்கு வெள்ளைக் காலர் கேட்டு வந்தார்கள். போன தீபாவளிக்கு மட்டும் பதினொரு கறுப்பு உடுப்பு தைத்தேன். அதற்கு முன்பெல்லாம் தீபாவளிக்குக் கறுப்பு என்று யாராவது கேட்டால் நானே திட்டி அனுப்பியிருப்பேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இந்த ஊர் வெயிலுக்கு வெல்வெட் வேண்டாம், உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்துக்கொள் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்கிற ஒரே புத்தி. அம்மாமார்கள் சொல்கிற மாதிரி செய்வினை, சாத்தான் என்றெல்லாம் அந்தத் தையலில் நான் எதையும் பார்க்கவில்லை. கை வைக்கிற இடத்தில் சுருக்கம் நிறைய, பொறுமை நிறைய வேண்டும், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் அதையும் கடையில் காசு கொடுத்து வாங்குவதில்லை. பண்டல் கடையில் பொறுக்கி, வெட்டி, சாயம் போட்டு, கையால் தைத்துக்கொள்கிறார்கள். தையல் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளை வராதா என்று பத்து வருடம் காத்திருந்தவள் நான்.

அந்த உயரக் காலரும் லேசும் யாருடைய உடுப்பு தெரியுமா? விக்டோரியா ராணி காலத்துத் துக்க உடை. 1861-இல் புருஷன் செத்ததும் கறுப்பு உடுத்த அந்த அம்மாள், 1901-இல் தான் சாகும்வரை, ஏறக்குறைய 40 வருடம், கறுப்பைக் கழற்றவில்லை. கடைசிக் காலத்தில் அடித்த பவுன் காசில்கூடத் தலையில் முக்காடோடுதான் இருக்கிறாள். போன வருடம் அம்மனின் காசுமாலையைப் புளி போட்டுத் துலக்கும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். அந்தப் பழைய மாலையில் இரண்டு காசு அந்த முக்காட்டு ராணி காசு. அம்மன் நெஞ்சில் அந்தக் கறுப்புக்காரி தொங்குகிறாள். எந்தத் தூணிலும் அதற்கு நோட்டிஸ் இல்லை.

கோத்திக் என்ற சொல் அதற்கும் ரொம்ப முந்தியது. கூர்மையான வளைவு, உயரமான ஜன்னல் வைத்த கட்டடங்களுக்கு அந்தப் பெயர். மலாக்கா சுற்றுலாவுக்குப் பேருந்து ஏற்பாடு செய்தீர்களே, அப்போது புனித பிரான்சிஸ் சேவியர் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் குழுவாக நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். ஆலய அலுவலகச் சுவரில் அது மாட்டியிருக்கிறது. கோத்திக் பாணிக் கட்டடம் அது, ஐயா. அத்தனை பேரும் பல் தெரியச் சிரிக்கிறீர்கள், படம் நன்றாக வந்திருக்கிறது.

கறுப்பு ஆகாது என்றால் எதிலிருந்து தொடங்குவது? கார்த்திகை பிறந்தால் செயலாளர் அண்ணனே மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில்தான் வலம் வருகிறார், நாங்கள் "சாமி" என்று காலில் விழுகிறோம். காளியம்மன் சன்னதியில் மண்டையோட்டு மாலையோடு, கறுத்த மேனியோடு அவள் நிற்கிறாள். அவளை வெளியே போய் முகம் கழுவிவிட்டு வரச் சொல்ல இதுவரை யாரும் மைக் எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அதே திருவிழாவில் ரதம் ஊர்வலம் போனபோது முன்னால் ஒரு கூட்டம் கறுப்புச் சட்டையில் வந்தது. முதுகில் எண் போட்ட சட்டை. எந்தக் கும்பலின் எண் என்று நான் எழுதப் போவதில்லை, எனக்கும் பயம் இருக்கிறது. அந்தக் கறுப்பை நீங்களும் பார்த்தீர்கள். ரதத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தீர்கள். அன்றைக்கு மைக்கில் சத்தமே இல்லை. ரச வாளி பிடித்த பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கறுப்பு உதடுதான் உங்களுக்குத் தைரியம் கொடுத்தது.

எழுத ஆரம்பித்தால் கை எங்கெங்கோ போகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தக் கோயில் நிலத்துக்காக நீங்கள் நில அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்தை உடைத்து, அம்மனை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்த அன்று நானும் பின்னாலேயே நடந்து வந்தவள். அந்த நன்றி இல்லாமல் பேசவில்லை.

என் மாமியாரும் அன்று நடந்து வந்தார். அவர் முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மகளுடைய கறுப்பு உடையை முதலில் பார்த்தபோது கிழவி என்ன சொன்னார் தெரியுமா? "என் பால் சட்டை மாதிரியே இருக்கே!" உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். மரம் வெட்டப் போடுகிற சட்டையில் பால் தெறித்துத் தெறித்துக் காயும். தெறிக்கும்போது வெள்ளை, காய்ந்தால் கறுப்பு. சில மாதத்தில் சட்டை தார் பூசினது போல ஆகி, கழற்றி வைத்தால் தானாக நிற்குமாம். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, போகிற வழியில் அந்தச் சட்டையோடுதான், தலையில் விளக்கோடுதான், அம்மனுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார்களாம். அந்தச் சட்டைக்காரர்கள் சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட காசில் எழும்பிய கோயில் இது. இப்போது அந்தக் கிழவிக்கு எண்பத்திரண்டு வயது. தூணில் ஒட்டியதை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். "கறுப்புன்னா உள்ள விடமாட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் இளையோர் கோயிலுக்கு வருவதில்லை என்று தலைவர் ஐயா வருத்தப்படுகிறீர்கள். பாதிப் பேர் சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள், அது உங்கள் தப்பில்லை. இங்கே மிச்சமிருந்து, கூப்பிடாமலே வந்து பூசணிக்காய் வெட்டிய ஒருத்தியை நீங்கள் செருப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். அது உங்கள் தப்பு.

உடைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள். தோள் மூட வேண்டும், முழங்கால் மூட வேண்டும் என்று எழுதுங்கள், நானே வாசலில் நின்று இரவல் சால்வை கொடுக்கிறேன். நிறத்தைத் தொடாதீர்கள். பிள்ளையின் முகத்தைத் தொடாதீர்கள். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு, "வாம்மா, ஒரு விஷயம்" என்று சொல்லுங்கள். மைக் எதற்கு?

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், அதே மைக்கில். பெயர் சொல்ல வேண்டாம், அன்றைக்கும் நீங்கள் பெயர் சொல்லவில்லை. "அன்று ரசம் பரிமாறிய பிள்ளையிடம் நாங்கள் சொன்னது தவறு" என்றால் போதும், ஊருக்கே புரியும். அவளை எப்படியாவது கூட்டி வருகிறேன். கண்ணில் மையோடுதான் வருவாள்.

நவராத்திரிக்கு நீங்கள் கேட்ட அம்மனின் ஒன்பது பாவாடைகளும் தயார். ஜரிகை ஓரம் பூராவும் என் மகள் கையால் தைத்தது. திருவிழாவுக்கு முந்தியே தொடங்கியது என்று சொல்லி, நடந்ததற்கு அப்புறமும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள். ஆறு மணிக்குள் கடைக்கு ஆளனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். கூலி வேண்டாம். வருகிறவர் கையில் அந்த நோட்டிசைக் கழற்றிக் கொடுத்தனுப்பினால் பாவாடைகளைச் சுற்றிக் கட்டத் தாள் ஆகும்.

இப்படிக்கு,
பேருந்து நிலையத்துக்கு எதிரே, இரண்டாவது கடை, தையல்காரி