அளக்கும் ஒளியே கண்ணாடியைத் தள்ளுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில், விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பு அலைகளைக் கண்டறிய அமையவுள்ள லைகோ இந்தியா ஆய்வகம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். அந்த அலைகளால் கண்ணாடிகளில் ஏற்படும் மிக நுண்ணிய அசைவை லேசர் ஒளியைக் கொண்டு அளப்பதே லைகோவின் முறை. ஆயினும், லேசரின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால் அளவீட்டுப் பிழையை அறவே ஒழித்துவிடலாம் என்று அதில் எழுதியிருப்பது சரியன்று.

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாக மைக்ரோமீட்டரும் கையுமாக இருப்பவன் நான். ரப்பர் வாஷரை அளக்கும்போது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ராட்செட் திருகு ‘டிக்’ என்று விடுபடுவதற்குள் வாஷர் சற்று அமுங்கிவிடும். அளக்க வந்த கருவியே அளவை மாற்றிவிடுகிறது. ஆனால் அந்த அழுத்தம் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே இருப்பதால், அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடுகிறோம். ஒளியிடம் அந்தக் கழித்தல் செல்லாது. லேசர் ஒளி ஃபோட்டான்கள் எனும் ஒளித்துகள்களாக வந்து விழுகிறது. அவற்றின் எண்ணிக்கை கணத்துக்குக் கணம் ஏறி இறங்குவதால், கண்ணாடி மீது விழும் தள்ளலும் முன்கூட்டிச் சொல்ல இயலாதபடி மாறிக்கொண்டே இருக்கிறது. ஒளியைக் குறைத்தாலோ, ஃபோட்டான்கள் போதாமல் கண்ணாடி எங்கே இருக்கிறது என்பதே துல்லியமாகத் தெரியாது. இவ்விரு பிழைகளும் சமமாகும் இடத்தில் கிடைக்கும் மிகக் குறைந்த பிழையைத்தான், ரஷ்ய இயற்பியலாளர் பிராகின்ஸ்கி 1960களில் தொடங்கிய சிந்தனையின் வழியில், திட்டக் குவாண்டம் எல்லை என்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவிலுள்ள லைகோவின் 40 கிலோ கண்ணாடிகளையே ஒளியின் இந்த ஏற்ற இறக்கம் அசைக்கிறது என்பதை 2020இல் அளந்து காட்டினார்கள். அந்த அசைவு புரோட்டானின் விட்டத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நினைக்கும்போதே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்த எல்லையையும் ஓரளவு தாண்ட வழி உண்டு. ‘இறுக்கிய ஒளி’ எனும் தனிவகை லேசர் ஒளியில் இவ்விரு பிழைகளுள் ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும்; ஆகவே, ஒன்றைத் துல்லியமாக்கினால் அதன் இணையானது நிச்சயமற்றதாகும் என்னும் ஹைசன்பர்க் விதி மீறப்படுவதில்லை. கண்ணாடியின் வேகமான அசைவுகளை அளக்கும் உயர் அதிர்வெண்களில் ஃபோட்டான்கள் போதாமையால் வரும் பிழையும், மெதுவான அசைவுகளுக்கான தாழ் அதிர்வெண்களில் தள்ளல் பிழையும் தொல்லை தருவதால், 300 மீட்டர் நீள ஒளிக்குழாய் ஒன்றின் வழியாக அந்த ஒளியைச் செலுத்தி, அந்தந்த அதிர்வெண்ணுக்கு எது தேவையோ அதை மட்டும் குறைக்கும் முறை 2023 முதல் அங்கு நடைமுறையில் உள்ளது.

எங்கள் பகுதியில் ஐ.டி.ஐ. முடித்து முதன்முதலாக அளவுக்கருவியைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். ‘பிழையே இல்லாத அளவீடு’ என்ற தொடரை அவர்கள் நம்பிவிடக் கூடாது என்பதால், அடுத்த அறிவியல் பக்கத்திலேயே திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.