விமானத்தில் குழந்தைக்குக் கார் சீட்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: “உங்களிடம் வாங்கிய கார் சீட்டை விமானத்தில் கொண்டுபோகலாமா?” கேட்பவர்களில் பலர், காரில் குழந்தையைக் கட்டி உட்காரவைக்கும் அந்த இருக்கையைப் பெட்டிகளோடு சேர்த்து அனுப்பலாமா என்றுதான் கேட்கிறார்கள். இறங்கும் ஊரில் காரில் பொருத்த வேண்டுமே என்பது அவர்கள் கவலை. எங்கள் பதில் வேறு. கார் சீட் இருக்க வேண்டியது சரக்கறையில் அல்ல. விமானத்துக்குள், குழந்தைக்கென்று டிக்கெட் எடுத்த இருக்கையின் மேல். ஏன் அப்படிச் சொல்கிறோம், எந்த சீட் அதற்குத் தகும், எது தகாது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பறக்கப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அனுமதி இருப்பதாலேயே அது பாதுகாப்பானது என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். இன்றைய பயணிகள் விமானங்களின் இருக்கைகள், முன்னோக்கிய திசையில் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையைத் தாங்கும்படி சோதிக்கப்படுகின்றன. அந்த விசையில் 8 கிலோ குழந்தையை நிறுத்திப் பிடிக்க 128 கிலோவைத் தாங்கும் கைவலு வேண்டும். எவ்வளவு இறுக அணைத்தாலும் பிடி விட்டுப்போகும். விபத்து என்று போகவே வேண்டாம். நடுவானில் விமானம் சட்டென்று கீழிறங்கினால், கட்டப்படாத எதுவும் கூரையை நோக்கி எழும்பும்.

ஐரோப்பா உட்படப் பல இடங்களில் மடிக் குழந்தைக்கென்று ஒரு வளைய பெல்ட் தருகிறார்கள். அதைப் பெரியவரின் பெல்ட்டில் கோத்துக் குழந்தையின் வயிற்றைச் சுற்றிப் பூட்டுவார்கள். குழந்தை தூக்கி எறியப்படாமல் இருக்க அது உதவும். ஆனால் பலத்த மோதலில் பெரியவரின் உடல் முன்னால் மடங்கும்போது, அந்த முழுப் பாரமும் குழந்தையின் மேல்தான் விழும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, விமானம் தரையில் ஓடும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த பெல்ட்டை அனுமதிப்பதில்லை.

1989 ஜூலை 19 அன்று யுனைட்டெட் 232 என்ற விமானம் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் உள்ள சூ சிட்டியில் அவசரமாகத் தரையிறங்க முயன்று நொறுங்கியது. அதில் மடியில் பயணம் செய்த குழந்தைகள் நால்வர். அக்காலக் கையேடு சொன்னபடி, குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் பெற்றோரிடம் சொன்னார். நால்வரில் ஒரு குழந்தை உயிர் பிழைக்கவில்லை. அதன் பிறகு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் கட்டும் சாதனமும் கட்டாயமாக வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். அந்நாட்டின் விபத்து விசாரணை வாரியமும் அதையே வலியுறுத்தி வருகிறது. எஃப்ஏஏ 2005இல் கட்டாயமாக்க மறுத்துவிட்டது. தனி டிக்கெட் செலவுக்கு அஞ்சிக் குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில் அதைவிட அதிக உயிர்கள் போகும் என்பது அது சொன்ன காரணம். கொள்கை வகுப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். ஏற்கெனவே விமானத்தில் போவதென்று முடிவு செய்துவிட்ட உங்களுக்கு அது பொருந்தாது. அதே எஃப்ஏஏதான், குழந்தைக்கு மிகப் பாதுகாப்பான இடம் மடி அல்ல, அங்கீகரிக்கப்பட்ட இருக்கைதான் என்று பெற்றோருக்கு அறிவுறுத்துகிறது.

எல்லாக் கார் சீட்டும் விமானத்துக்கு ஆகாது. முதலில் உங்கள் சீட்டின் பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் சான்றுத் தாளைப் பாருங்கள். அமெரிக்கத் தரத்தில் செய்யப்பட்டதென்றால், மோட்டார் வாகனங்களிலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்றளிக்கப்பட்டது என்ற பொருள்படும் வரி ஆங்கிலத்தில், சிவப்பு எழுத்தில் இருக்கும். ஐரோப்பிய சீட்டுகள் சிலவற்றில் விமானப் பயன்பாட்டுக்கென்று ஜெர்மனியின் டியூவி ரைன்லாண்ட் தரும் சான்று இருக்கும். அந்தத் தாள் கிழிந்தோ அழிந்தோ போயிருந்தால், சீட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விமானப் பணியாளர் மறுக்கக்கூடும். தாளைக் கிழிக்காதீர்கள், மேலே உறை தைத்து மறைக்காதீர்கள். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெல்ட். காரில் தோளும் இடுப்பும் சேரும் மூன்று முனை பெல்ட் இருக்கும். விமானத்திலோ இடுப்பு பெல்ட் மட்டும்தான். பெல்ட் இல்லாமல் சீட்டைக் காரோடு நேரடியாகப் பிணைக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் மாட்டவும் அங்கே இடமில்லை. ஆகவே இடுப்பு பெல்ட்டால் மட்டுமே பொருத்த முடிகிற சீட்தான் உதவும். கையில் தூக்கிச் செல்லும் சிசு சீட்டுகளில் பலவற்றை, காரில் நிலையாகப் பொருத்தி வைக்கும் அடித்தளம் இல்லாமலே இப்படிப் பொருத்தலாம். அடித்தளத்தை வீட்டில் விட்டுவிடுங்கள். தரையில் ஊன்றும் கால் இல்லாமல் நிற்காத மாதிரிகளும், தோள் பெல்ட் கட்டாயம் தேவைப்படும் மாதிரிகளும் வேண்டாம். வளர்ந்த குழந்தையைச் சற்று உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர்களை ஏறும்போதும் இறங்கும்போதும் பயன்படுத்த எஃப்ஏஏ அனுமதிப்பதில்லை, அவற்றுக்குத் தோள் பெல்ட் வேண்டும் என்பதால். அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 16 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான விமான இருக்கைகளில் அடங்கும்.

டிக்கெட் எடுக்கும்போதே, குழந்தை தனி இருக்கையில் கார் சீட்டோடு வருகிறது என்று விமான நிறுவனத்திடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உங்கள் சீட்டின் மாதிரியை அவர்கள் ஏற்பார்களா என்றும் கேளுங்கள். விதிகள் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. ஜன்னலோர இருக்கையைக் கேளுங்கள். நடைபாதையோரம் கார் சீட் இருந்தால் அவசரத்தில் மற்றவர் வெளியேறும் வழி அடைபடும். அவசர வழி வரிசையிலும் கார் சீட்டுக்கு இடமில்லை. உயர் வகுப்புகளில் காற்றுப்பை வைத்த பெல்ட்டுகளும் கோணலாக அமைந்த இருக்கைகளும் இருப்பதால், அங்கே பொருத்த முடியுமா என்று தனியாகக் கேட்டுக்கொள்வது அவசியம்.

விமானத்தில் பொருத்துவது காரில் பொருத்துவதைவிட எளிது. விமான இருக்கையின் கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு சீட்டை வையுங்கள். சிசுவென்றால் முகம் பின்னோக்கி இருக்கட்டும். பெல்ட்டைச் சரியான வழியில் நுழைத்து, முழங்காலால் சீட்டை அழுத்தியபடியே இழுத்து இறுக்குங்கள். பூட்டும் முன், பக்கிளின் தகடு தூக்கித் திறக்க வசதியான பக்கம் பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள். தவறான பக்கம் திரும்பிவிட்டால் இறங்கும்போது கழற்றுவது பெரும்பாடு. பெல்ட் எட்டாவிட்டாலோ, பக்கிள் குழந்தையின் முதுகில் உறுத்துகிற இடத்தில் வந்தாலோ, நீட்டிப்பு பெல்ட் கேளுங்கள். பின்னோக்கிய சீட் முன்னிருக்கை சாய்வதைத் தடுக்கும். அங்கே அமர்பவரிடம் தொடக்கத்திலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

மிகச் சிறிய குழந்தையின் சாய்வுக் கோணத்தை மறவாமல் பாருங்கள். தலை முன்னால் தொங்கித் தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுக்குத் தடையாகும். கனத்த உடைகளைக் கழற்றிவிட்டு வார்களை உடலோடு இறுக்குங்கள். இறங்கும்போது காது அடைக்குமே என்று பலர் குழந்தையை வெளியே எடுக்கிறார்கள். எடுக்க வேண்டாம். புட்டிப்பாலோ சூப்பானோ சீட்டில் இருந்தபடியே கொடுத்தால் போதும், விழுங்கும் அசைவில் காது திறந்துவிடும். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும்தான் குழந்தை கட்டப்பட்டிருக்க வேண்டிய முக்கியமான நேரம்.

சற்று வளர்ந்த குழந்தைக்கு, கார் சீட்டுக்குப் பதில் கேர்ஸ் என்ற வார் அமைப்பும் உண்டு. எஃப்ஏஏ அங்கீகரித்தது. 10 முதல் 20 கிலோ வரை எடையும் 100 சென்டிமீட்டருக்குள் உயரமும் உள்ள, தானே நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்கு ஏற்றது. பைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதைக் காரில் பயன்படுத்த முடியாது. இறங்கிய பிறகு கார்ப் பயணம் இருந்தால் கார் சீட்டே வேண்டும்.

சரக்கில் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், தடித்த உறையிட்டு, விமானத்தின் வாசல்வரை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். திரும்பக் கிடைத்ததும் விரிசல் இருக்கிறதா என்று சோதியுங்கள். வெளியில் தெரியாத அடியும் சீட்டைக் கெடுக்கலாம் என்பதால்தான் அதைச் சரக்கில் போடச் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை.

பயணம் இருப்பவர்கள் உங்கள் சீட்டைக் கடைக்கு எடுத்து வாருங்கள். எங்களிடம் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சான்றுத் தாளைப் படித்து, அகலத்தை அளந்து, இடுப்பு பெல்ட் வழியை உங்கள் கையாலேயே பழகும்படி காட்டுகிறோம். உங்கள் சீட் தகும் என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

அன்புடன்,
கடையினர்