எலுமிச்சை நர்சரி நடத்தும் அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

புளியங்குடி சுற்றுவட்டாரத்திலும் அதைத் தாண்டியும் எலுமிச்சைக் கன்று வளர்த்து விற்கும் அண்ணாச்சிமாருக்கு,

வணக்கம். மழைக்கு முன்னால் கன்று வாங்க ஆட்கள் உங்களிடம் வரத் தொடங்கும் நேரம் இது. அதற்குள் சொறி நோய் பற்றி ஒரு பேச்சைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். நேரில் வந்து கேட்டால், "அது மண்ணு வாகு தம்பி, நாங்க என்ன செய்ய முடியும்?" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள்.

மண் வாகு இல்லை அண்ணாச்சி. சொறி வருவது சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பாக்டீரியாவால். இளம் இலையில் ஊசிமுனைப் புள்ளியாகத் தொடங்கி, மேடு தட்டி, சொரசொரத்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டும். காயிலும் கொப்பிலும் அதேதான். மழைத் தண்ணீர் அந்தப் புண்ணில் பட்டுத் தெறித்தால் பக்கத்து இலைக்குப் போய்விடும். காற்று மணிக்கு 29 கிலோமீட்டரைத் தாண்டி மழையோடு சேர்ந்து அடித்தால் கிருமியை இலைத் துளைக்குள்ளேயே தள்ளிவிடும். மலையடிவாரத்தில் இருக்கிற நமக்குச் சாரலையும் காற்றையும் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போதாததற்கு மரத்தின் சொந்த முள்ளே காற்றில் காயைக் கீறுகிறது. இலைத் துளைப்பான் புழு தளிரில் வெள்ளிக் கோடு போட்டு வைத்தால், அது கிருமிக்குத் திறந்து வைத்த கதவு. சிட்ரஸ் சாதியிலேயே நம் எலுமிச்சை இந்த நோய்க்கு மிகச் சுலபமாக மாட்டுகிற வகை. கமலா ஆரஞ்சு அந்த அளவுக்கு இல்லை.

இதெல்லாம் தோட்டத்துக்கு வந்த பிறகு நடக்கிற கதை. நான் கேட்பது அதற்கு முந்திய கதை. நம் பக்கம் எலுமிச்சைக் கன்று பெரும்பாலும் விதைக் கன்று. சொறி விதை வழியாகப் பரவுகிற நோயே இல்லை. அப்படியானால், பையிலிருந்து பிரித்து நடும்போதே கன்றின் தண்டில் சொறி இருந்தால், அது எங்கே பிடித்தது? உங்கள் பாத்தியில்தான் பிடித்திருக்க வேண்டும். தாய் மரத்தையோ விதையையோ காட்டித் தப்ப வழியில்லை. ஒட்டுக் கன்று விற்பவர்களுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். சொறி பிடித்த மரத்திலிருந்து மொட்டு எடுத்தால் நோயையும் சேர்த்தே ஒட்டுகிறீர்கள்.

பாத்திக்கு அது எப்படி வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். பழைய எலுமிச்சை மரத்தடியில் நிழல் இருக்கிறதென்று பைகளை அடுக்குகிறீர்கள். மேலே இருக்கிற கொப்பிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் நோய் சொட்டுகிறது. ஹோஸைத் தூக்கிப் பிடித்துத் தலையோடு தண்ணீர் அடிப்பதும் கன்றுகளுக்கு மழைதான். பத்தாயிரம் பை நெருக்கி நிற்கிற இடத்தில் ஒன்றுக்கு வந்தால் போதும்.

அடுத்து, சொல்ல எனக்கே சங்கடமான ஒன்று. சில இடங்களில் விற்பதற்கு முன்னால் புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே காப்பர் மருந்தை அடித்து அனுப்புகிறார்கள். பார்க்கக் கன்று சுத்தமாக இருக்கிறது. தண்டில் இருக்கிற புண் போகாது. அந்தப் புண்ணுக்குள் கிருமி வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். உதிர்ந்த இலையில் சில வாரமோ சில மாதமோதான். எனவே நீங்கள் கிள்ளி எறிந்தது ஆபத்து குறைந்த பாதியை. எல்லோரும் இப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. செய்பவர் யார் என்பது உங்களுக்குள் தெரியாமல் இருக்காது.

"மருந்து அடித்தால் சரியாகிவிடும்" என்கிற பதிலும் கேட்டுச் சலித்துவிட்டது. போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற காப்பர் மருந்துகள் புதுத் தளிரில் நோய் ஏறாமல் தடுக்கும், ஏறிய புண்ணை ஆற்றாது. ஒவ்வொரு துளிர்ப்புக்கும் திரும்ப அடிக்க வேண்டும், மழை கழுவிவிட்டால் மறுபடியும். இதோடு சேர்த்து அடிக்கச் சொல்கிற ஸ்ட்ரெப்டோசைக்ளின், மனிதருக்குக் காசநோய்க்குக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் கலந்தது. அந்த வகை மருந்துகளை விவசாயத்திலிருந்து விலக்க மத்திய அரசு 2021 டிசம்பரிலேயே வரைவு ஆணை வெளியிட்டது. அதை நம்பிக் கன்று விற்கிற காலம் போய்விட்டது.

இந்த நோயை அடியோடு ஒழியுங்கள் என்று கேட்க நான் பைத்தியம் இல்லை. லண்டன் கியூ தாவரப் பூங்காவில், 1827க்கும் 1831க்கும் இடையில் இந்தியாவில் பறித்துக் காயவைத்த சிட்ரஸ் இலைகளிலேயே சொறிப் புண் இருந்ததைப் பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பழைய வீட்டுக்காரன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 1910ஐ ஒட்டி இது போய்ச் சேர்ந்ததே ஜப்பானிலிருந்து வந்த நாற்றுகளோடுதான். இரண்டு முறை ஒழித்தார்கள். 1995இல் மயாமி பக்கம் மறுபடியும் தலைகாட்டிய பிறகு, ஒரு கட்டத்தில் நோய் கண்ட மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த சிட்ரஸ் மரங்களையெல்லாம், வீட்டுக் கொல்லையில் நின்றதைக்கூட, வெட்டினார்கள். மொத்தம் ஒரு கோடியே அறுபது லட்சம் மரங்களுக்கு மேல். 2004, 2005 சூறாவளிகள் நோயை மாநிலம் முழுக்க வாரி இறைத்த பிறகு, 2006 ஜனவரியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி. 2018இல் டார்வின் பக்கம் தொட்டிச் செடிகளில் கண்டார்கள், செடி போன இடங்களைத் தேடிப் போய் அழித்தார்கள், 2021இல் அங்கே நோய் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். கன்று எந்த ஊருக்குப் போனது என்று தெரிந்தால் மட்டும்தான் அந்த மாதிரி வேலை நடக்கும். நம் ஊரில் கன்றுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பவர் எத்தனை பேர்?

எங்களுக்கு இதில் போவது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். சொறிக் காயில் சாறு குறைவதில்லை, புண் தோலோடு நின்றுவிடும். ஆனால் கமிஷன் கடையில் தோலைப் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். ஆடி மாதம் அம்மனுக்கு மாலை கட்டப் புள்ளிக் காயை யாரும் எடுக்க மாட்டார்கள், கேரளா லோடிலும் ஏறாது. நல்ல விலை கிடைக்கிற நாளில் எங்கள் மூட்டை ஓரமாகக் கிடக்கும். கன்று காய்ப்புக்கு வரவே நாலைந்து வருஷம். அதுவரை செலவழித்துவிட்டு, காய்த்த பிறகு பாதி விலைக்கு விற்க யாருக்குக் கட்டும்?

ஆகவே கேட்பது இதுதான். பைகளைப் பழைய மரங்களை விட்டுத் தள்ளி வையுங்கள். தண்ணீரை வேரடியில் விடுங்கள். கத்தியையும் கத்தரிக்கோலையும் பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுங்கள். புள்ளி விழுந்த கன்றை இலை கிள்ளாமல் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். விதை போட்ட தேதி, பாத்தி எண், வாங்கியவர் பெயர் மூன்றும் உள்ள ரசீது கொடுங்கள். தேசிய தோட்டக்கலை வாரியத்தின் அங்கீகாரத்துக்கு முயன்றால் இன்னும் நல்லது, ஆனால் அந்தப் பலகை மாட்டும் வரை ரசீது காத்திருக்க வேண்டாம்.

செலவு கூடும், உண்மைதான். கன்றுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கேளுங்கள், கொடுக்கிறோம். எங்கள் ஆட்களில் சிலர் இரண்டு ரூபாய் குறைவென்று லாரியில் வருகிற கன்றை வாங்கத்தான் செய்வார்கள். அவர்களோடு பேசுவது எங்கள் பொறுப்பு.

இந்த முறை கன்று எடுக்க வரும்போது இலையைத் திருப்பிப் பார்ப்போம், தண்டைத் தடவிப் பார்ப்போம், பத்து பையைப் பிரித்துக்கூடப் பார்ப்போம். கோபப்படாமல் பார்க்க விடுங்கள். விட மறுக்கிற நர்சரியில் கன்று எடுப்பதில்லை என்று எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் பேசத் தொடங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
புளியங்குடி பக்கத்து எலுமிச்சை விவசாயி ஒருவன்