நாயனத்துக்கும் தவிலுக்கும் ஊரின் நன்றி

சனிக்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் வாசித்த கலைஞர்களுக்கும், அந்தக் கச்சேரி நடக்கக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளத்துக்கு ஒரு தம்பி. ஐந்து பேரும் இந்த ஊர்க்காரர்கள். இங்கே நடந்த கல்யாணம், காதுகுத்து, சாமி புறப்பாடு எதிலும் நீங்கள் வாசிக்காமல் இருந்ததில்லை. ஆனால் கல்யாண வீட்டில் யார் உட்கார்ந்து நாயனம் கேட்கிறார்கள்? ஒருவர் செருப்பைத் தேடுவார், இன்னொருவர் மொய்க் கவரில் பெயர் எழுதிக்கொண்டிருப்பார். 'கெட்டி மேளம்' என்று ஐயர் விரலை ஆட்டிவிட்டால், ராகம் எந்த இடத்தில் நின்றாலும் விட்டுவிட வேண்டியதுதான். ஒருநாளாவது குறுக்கீடு இல்லாமல் நீங்கள் வாசிக்க, நாங்கள் கேட்க வேண்டும் என்று வாசகர் வட்டத்தில் பேச்சு வந்ததும் உடனே ஒப்புக்கொண்டீர்கள். சன்மானம் எவ்வளவு என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். "முதலில் ஆள் வரட்டும் தம்பி" என்றார் பெரியவர். வந்தார்கள். ஜமக்காளம் போதவில்லை.

சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியில் தொடங்கி காம்போதி ராகத்துக்கு வந்தீர்கள். அவசரமே இல்லாத காம்போதி. நடுவில், வாயில் வைத்து ஊதும் சீவாளி மக்கர் பண்ண, நாயனத்தில் கட்டித் தொங்கும் கொத்திலிருந்து இன்னொன்றை எடுத்துப் பொருத்தி, ஊதிப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தீர்கள். அதுவரை கூட்டத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இசைத்தட்டில் கேட்டு வளர்ந்த மேலத்தெருத் தாத்தா முன்வரிசையிலிருந்தே "தோடி, தோடி" என்று நச்சரித்தார். அவருக்காகக் கொஞ்சம் வாசித்தீர்கள். "கொஞ்சம்தானா?" என்று இன்னும் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். அது உங்கள் பாடு.

தவிலுக்கென்றே விட்ட தனி ஆவர்த்தனத்தில் தவில்காரர்கள் இருவரும் மாற்றி மாற்றி வாசித்ததைப் பற்றி எழுத எனக்கு அறிவு போதாது. விரல்கூடு போட்ட வலது கையையும் கழி பிடித்த இடது கையையும் பார்த்துக்கொண்டிருந்தே நேரம் போய்விட்டது.

பிள்ளைகளோடு செலவிட்ட அரைமணி நேரத்துக்குத் தனி நன்றி. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் போடவைத்தீர்கள். வேகம் கூடியதும் பாதிப் பேர் விரல் சிக்கிச் சிரித்துவிட்டார்கள். நாயனத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து, இது நரசிங்கம்பேட்டையில் கடைந்தது, ஆச்சா மரம், பழைய வீட்டு உத்தரமாக இருந்த கட்டை என்று சொன்னதும் ஒரு பையன் மோந்து பார்த்தான். அந்த ஊர் நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களில் பலருக்கே அன்றுதான் தெரியும். நாயனம் கற்றுக்கொள்ள ஆசை என்று இரண்டு பிள்ளைகள் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி எட்டாம் வகுப்பு மாணவி. அவளைப் பெண்பிள்ளை என்று சொல்லித் தடுத்துவிடாதீர்கள் என்று அவள் வீட்டாரை இந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மைக் செட் அண்ணனுக்கு ஒரு பெரிய நன்றி. நாயனமும் தவிலும் வெட்டவெளிக்கென்றே ஆன வாத்தியங்கள், குழாய் ஒலிபெருக்கி வேண்டாம் என்று நாங்கள் சொன்னதும் முகம் சுருங்கினாலும், அறிவிப்புக்கு மட்டும் ஒரு மைக்கை வாடகை வாங்காமல் வைத்துக்கொடுத்தார். மைதானத்தைத் தந்த தலைமையாசிரியர், மேடை போட்ட இளைஞர்கள், அன்று மாலை தெருவில் பாட்டுப் பெட்டியை அணைத்து வைத்த டீக்கடைக்காரர், மறுநாள் காலையில் மைதானத்தைக் கூட்டிய அக்காமார் எல்லோருக்கும் நன்றி.

சன்மானத்துக்காகத் திரட்டிய பணத்தின் வரவு செலவு நூலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. மிச்சத்தை அடுத்த கச்சேரிக்கு வைத்திருக்கிறோம். தை அறுப்பு முடிந்ததும் நடத்தலாம் என்று கலைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா, அன்றைக்குத் தோடிதான் முதல் ராகம்.

நன்றியுடன்,
நூலக வாசகர் வட்டத்தின் சார்பில்