என் எண்பது புள்ளிகளுக்கும் உரியவர்களுக்கு

கோவில்பட்டி உறவுகளுக்கும், மெல்பர்னில் எனக்கு வாய்த்த புதுச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

ஜனவரி கடைசியில் இங்கே பள்ளி திறந்தது. பதினோராம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். வீடு பார்த்து, மகளைப் பள்ளியில் சேர்த்து, கொஞ்சம் மூச்சுவிட்டதும் இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களில் பலருக்குப் போனிலேயே நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் ஊரறியச் சொல்ல வேண்டும். "ஆஸ்திரேலியாவுக்கு பி.ஆர். வாங்கிட்டாளாம், கெட்டிக்காரி" என்று நம் தெருவில் பேசிக்கொள்வதாக அம்மா சொன்னாள். (பி.ஆர். என்றால் இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி.) அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது எனக்கல்லவா தெரியும்!

கணக்கு டீச்சர் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். எனக்குக் கிடைத்தது 190 எனப்படும் மாநிலப் பரிந்துரை விசா. வரிசையில் நிற்கவே குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். 25 முதல் 32 வயது வரை உள்ளவர்களுக்கு 30. பட்டப்படிப்புக்கு 15. ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆசிரியப் பணிக்கு 10. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10. தமிழ் மொழிபெயர்ப்புத் தேர்வுக்கு 5. கணவருடைய ஆங்கிலத்துக்கு 5. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் பரிந்துரைத்ததற்கு 5. மொத்தம் 80. இதில் வயதுக்கான முப்பது மட்டும்தான் தானாக வந்தது என்று முதலில் நினைத்தேன். அதுவும் அப்படியில்லை. 33 பிறந்துவிட்டால் அது 25 ஆகிவிடும். நான் கேட்ட காகிதத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாமல் அன்றன்றே தேடிக் கொடுத்தவர்கள்தான் அந்த ஐந்து புள்ளியையும் காப்பாற்றினார்கள்.

முதல் நன்றி எங்கள் பி.எட். கல்லூரி அலுவலக அண்ணாச்சிக்கு.

ஆசிரியராக இங்கே வர விரும்புகிறவர்கள் விசாவுக்கு முன்னால் ஏ.ஐ.டி.எஸ்.எல். என்ற நிறுவனத்திடம் தகுதி மதிப்பீடு வாங்க வேண்டும். குறைந்தது நான்கு ஆண்டு உயர்கல்வி, அதில் ஆசிரியர் பயிற்சி ஓர் ஆண்டாவது இருக்க வேண்டும். நம் பி.எஸ்ஸி.யும் பி.எட்.டும் சேர்ந்தால் அது தாராளமாக வந்துவிடும். சிக்கல் அடுத்த நிபந்தனையில் இருக்கிறது. மேற்பார்வையின்கீழ் குறைந்தது 45 நாள் பள்ளியில் கற்பித்திருக்க வேண்டும். எத்தனை நாள், எந்த வகுப்புகள், என்ன பாடம் என்று கல்லூரியே கடிதத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பி.எட். இரண்டாண்டாக மாறியது 2015இல். அந்த முதல் அணியில் படித்தவள் நான். எங்களுக்குப் பயிற்சி வாரக்கணக்கில் இருந்தது. ஆனால் நம் கல்லூரிகள் வழக்கமாகத் தரும் சான்றிதழில் "கற்பித்தல் பயிற்சியைத் திருப்திகரமாக முடித்தார்" என்ற ஒற்றை வரிதான் இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

நான் போனபோது கல்லூரியில் புதுச் சேர்க்கை நின்றுபோயிருந்தது. முதல்வர் ஓய்வு பெற்றுவிட்டார். நீங்களும் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தீர்கள், அண்ணாச்சி. வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னதும், "எந்த வருசம்? கணித மேஜரா? அது நீலப் பீரோவுல கீழ்த்தட்டும்மா" என்றீர்கள். மறுநாளே பஸ் ஏறி வந்தீர்கள். தூசி தட்டி அந்தப் பயிற்சிப் பதிவேட்டை எடுத்து, என் பெயருக்கு நேரே இருந்த ஒவ்வொரு நாளையும் விரல் வைத்து எண்ணினீர்கள். எந்தப் பள்ளி, எட்டாம் வகுப்பா ஒன்பதாம் வகுப்பா, மேற்பார்வையிட்ட ஆசிரியர் யார் என்பதெல்லாம் உங்கள் கையெழுத்தில் அப்படியே இருந்தது. கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து, தாளாளர் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கையெழுத்தும் வாங்கித் தந்தீர்கள். பஸ் செலவுக்குக்கூட ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்தக் கடிதம் இல்லையென்றால் மேலே சொன்ன கணக்கில் ஒரு புள்ளியும் நிற்காது.

இதைப் படிக்கும் கல்லூரி நிர்வாகிகளிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: கட்டடத்தை மூடினாலும் பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் படித்த பிள்ளை எந்த வருசம் எந்த நாட்டிலிருந்து அதைக் கேட்டு வருவாள் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து, எங்கள் ஹெச்.எம். அம்மா. ஊழியர்கள் வேலையை விட்டுப் போக நினைக்கிறார்கள் என்று தெரிந்தாலே முகம் மாறிவிடும் இடங்கள் உண்டு. நீங்கள் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொல்லி, "என்னென்ன வேணும்னு ஒரு பேப்பர்ல எழுது" என்றீர்கள். முதல் இரண்டு வருடச் சம்பளம் எனக்குக் கையில் வந்தது. வங்கிக் கணக்கில் தடயமே இல்லை. அந்த மாதங்களின் அக்விட்டன்ஸ் ரிஜிஸ்டரை, அதாவது சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்திடும் பதிவேட்டை, எடுத்து, நான் கையெழுத்துப் போட்ட பக்கங்களை நகல் எடுத்துச் சான்றொப்பமிட்டீர்கள். பி.எஃப். கணக்கும் அதோடு சேர்ந்ததால் ஏழு ஆண்டும் முழுதாக நின்றது. தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் தங்கைகளே, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். வெளிநாடு போகாவிட்டாலும் அது உங்கள் உழைப்புக்கு இருக்கும் ஒரே சாட்சி.

சான்றிதழில் தலைப்பெழுத்தும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயருமாக நான் இரண்டு ஆளாகத் தெரிந்தேன். இரண்டும் ஒருத்திதான் என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரித்துக் கொடுத்த நோட்டரி சாருக்கும் என் வணக்கம்.

இனி ஆங்கிலம். விசா புள்ளிக்கு நான்கிலும் 7 போதும். ஆசிரியத் தகுதி மதிப்பீட்டுக்கு அது போதாது. படிப்பதிலும் எழுதுவதிலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8 வேண்டும். நம்மைப் போன்றவர்கள் அதிகம் பேர் தடுக்கி நிற்பது இந்த எட்டில்தான். வகுப்புக்குள் நிற்கிறவர் சொல்வது பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், பிள்ளைகள் பேசுவது அவருக்குப் புரிய வேண்டும். அதனால் அந்த எட்டு நியாயமானது என்றே இப்போது, இந்த வகுப்பில் நின்று பார்க்கும்போது, நினைக்கிறேன். அன்றைக்கு மலைப்பாகத்தான் இருந்தது. தினமும் மாலையில் திண்ணையில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் தமிழ் ஒரு சொல்லும் வராமல் பேச வைத்த எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை டீச்சரம்மாவுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்? கேள்விகளை மனப்பாடம் செய்ய ஒருநாளும் விடவில்லை. காய்கறி விலை, கோயில் கொடை, தீப்பெட்டி ஆலை என்று எதைப் பற்றியும் பேச்சை இழுப்பார்கள். எழுத்து 6.5இலேயே நின்றபோது, எங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியர் என் கட்டுரைகளைப் பரீட்சைப் பேப்பரோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சிவப்பு மையில் திருத்திக் கொண்டுவந்தார். "எல்லாத்தையும் சொல்லாதீங்க மேடம், ஒண்ணைச் சொல்லி நிரூபிங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என் எழுத்தைத் தூக்கிவிட்டது.

தமிழுக்குக் கிடைத்த ஐந்து புள்ளி எனக்குத் தனி மகிழ்ச்சி. நாட்டி (NAATI) என்ற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்புச் சான்றளிப்பு நிறுவனம் நடத்தும் சி.சி.எல். என்ற அந்த மொழிபெயர்ப்புத் தேர்வில் தமிழும் உண்டு. ஆங்கிலம் பேசும் அலுவலர் ஒருவருக்கும் தமிழ் பேசும் ஒருவருக்கும் நடக்கும் இரண்டு உரையாடல்களை ஒலிப்பதிவில் கேட்டு, உடனுக்குடன் இரு பக்கமும் மாற்றிச் சொல்ல வேண்டும். 90க்கு 63 எடுக்க வேண்டும். ஒவ்வோர் உரையாடலிலும் 45க்கு 29ஆவது வேண்டும். தமிழ்தானே என்று அலட்சியமாகப் போய்விட முடியாது. வாடகை வீட்டு முன்பணம், வேலையிழந்தோர் உதவித்தொகை, குழந்தைக் காப்பகம், நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை என்று இந்த நாட்டு வாழ்க்கையே அதில் வரும். ஒரு தோழி மூலம் எனக்கு அறிமுகமான, மெல்பர்னின் டான்டினாங் பகுதியில் இருக்கும் ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வந்தவர், சனிக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் அழைத்துப் பயிற்சி கொடுத்தார். "பிள்ளை, அவசரப்படாதேங்கோ. முதலிலை அந்த ஆள் என்ன கேக்கிறார் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ" என்பார். ஓய்வூதிய நிதி என்றால் என்ன, அதை முதலாளி ஏன் கட்டுகிறார் என்று கதையாகச் சொல்வார். என் முகத்தைக்கூடப் பார்த்திராத மனிதர். வந்திறங்கிய வாரமே அவர் வீட்டில் புட்டும் கறியும் சாப்பிட்டோம். விக்டோரியாவின் பள்ளி இறுதித் தேர்வான வி.சி.இ.யில் தமிழையும் ஒரு பாடமாக எழுதலாம் என்பதை அன்றைக்கு அவர் பேத்தி சொல்லித்தான் அறிந்தேன்.

என் கணவர் தமிழ் வழியில் படித்து அச்சகம் நடத்தியவர். எனக்காக ஆங்கிலத் தேர்வு எழுதி நான்கிலும் 6 வாங்கிக் கொடுத்தார். இரவு மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே காதில் ஹெட்போனோடு அவர் கேட்டுப் பழகியதை அந்த ஐந்து புள்ளியில் எழுத முடியாது.

கேட்டவுடன் பணம் வாங்காமல் வழி சொன்ன ஒருவரும் உண்டு. மெல்பர்னில் இருக்கும் அந்தப் பதிவு பெற்ற குடியேற்ற முகவர் என் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "உங்கள் விஷயம் நேரானது, நீங்களே விண்ணப்பியுங்கள், என் கட்டணம் உங்களுக்கு டிக்கெட்டுக்கு ஆகும்" என்றார். அதற்கு முன் எங்கள் பக்கத்து நகரத்தில் ஓர் ஏஜென்ட் "அழைப்பு நிச்சயம்" என்று லட்சக்கணக்கில் கேட்டிருந்தார். விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆஸ்திரேலிய அரசு அனுப்பும் அந்த அழைப்பை நிச்சயமாக வாங்கித் தர யாராலும் முடியாது. முகவர் என்று சொல்கிறவரின் பதிவு எண்ணை ஆஸ்திரேலிய அரசின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். ஆசிரியர், மருத்துவப் பணியாளர் விண்ணப்பங்களை முன்வரிசையில் வைத்துப் பார்க்கிறார்கள் என்பதும் அந்த நல்ல மனிதர் சொல்லித் தெரிந்ததுதான்.

அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது விசா கட்டணம் எனக்கு மட்டும் 4,765 டாலர். கணவருக்கும் மகளுக்கும் தனி. ஸ்டாஃப் ரூம் சீட்டில் அந்த மாதம் எடுக்க வேண்டியது வேறு ஒருவர். தன் வீட்டு மாடி வேலையை நிறுத்திவைத்துவிட்டு முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். போடவில்லை, அக்கா.

இங்கே வந்தபிறகு கிடைத்த உதவிகளும் குறைவில்லை. விக்டோரியா ஆசிரியர் பதிவுக் கழகத்தில் எனக்கு இப்போது தற்காலிகப் பதிவு. முழுப் பதிவு வரை என்னோடு நடக்க ஒரு மூத்த ஆசிரியை இருக்கிறார். பிள்ளை உடலளவிலோ பாலியல் வகையிலோ துன்புறுத்தப்படுகிறது என்று நியாயமான காரணங்களோடு நம்பினால் அதை அரசுக்குத் தெரிவிப்பது இங்கே ஆசிரியரின் சட்டக் கடமை. அதை எப்படி, யாரிடம், எந்தச் சொற்களில் சொல்வது என்று முதல் வாரமே உட்காரவைத்து விளக்கினார். பன்னிரண்டாம் வகுப்பில் கணித முறைகள் பாடத்துக்கு இரண்டு தேர்வு. முதலாவதில் எந்தக் கருவியும் கூடாது, இரண்டாவதில் சமன்பாட்டையே தீர்க்கும் சி.ஏ.எஸ். கால்குலேட்டர் உண்டு. நான் அதைத் தொட்டதே இல்லை. பக்கத்து மேசை ஆசிரியர் மணி அடித்தபிறகும் இருந்து ஒவ்வொரு பொத்தானாகக் காட்டித் தருகிறார்.

கடைசியாக, அரையாண்டுத் தேர்வு முடிந்து நான் கிளம்பியபோது என் பத்தாம் வகுப்பைத் தன் வகுப்போடு சேர்த்து எடுத்துக்கொண்ட தங்கைக்கு. பொதுத்தேர்வு நெருங்குகிறது. இரண்டு பிரிவையும் தூக்கிச் சுமக்கிறாய். வடிவியலில் பின்தங்கிய அந்த ஆறு பிள்ளைகளையும் காலை எட்டு மணிக்கு வரவழைக்கிறாய் என்று ஹெச்.எம். அம்மா சொன்னார்கள். அவர்களுக்காக நான் எழுதிவைத்த பயிற்சித் தாள்கள் என் பழைய மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கின்றன. சாவி ஆபீஸ் அண்ணனிடம். தொடுகோடு பற்றிய தாளை முதலில் கொடு. ஞாயிற்றுக்கிழமை உனக்கு வசதியான நேரம் சொன்னால் நானும் வீடியோவில் வந்து அவர்களோடு உட்கார்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
மெல்பர்ன்