எங்கள் வாய்க்காலைத் தூக்கிவிட்ட ரயில் கரை

மதிப்பிற்குரிய இரட்டை ரயில் பாதைப் பணி அதிகாரிகளுக்கு,

வணக்கம். புதுப் பாதைக்காக நீங்கள் கிராவல் கொட்டி எழுப்பும் கரை போன வாரம் மறுபடியும் இறங்கியது. அன்று மாலையே கிராவல் லாரிகள் வந்துவிட்டன. ஆனால் கரைக்குக் கீழே என்ன ஆயிற்று என்று யாரும் இறங்கி வந்து பார்க்கவில்லை.

கரை அழுத்தும்போது அடியில் இருக்கும் களி பக்கவாட்டில் பிதுங்கி, எங்கள் வாய்க்காலின் தரையை மேலே தூக்கிவிடுகிறது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடியும், என் மூன்று மா குறுவை காய்ந்து போனது. ஊரே சேர்ந்து இரண்டு முறை வாய்க்காலை வெட்டினோம். அப்புறம்தான் புரிந்தது, வெட்ட வெட்டக் கரையின் அடி ஓரத்துக்குப் பிடிமானம் குறைகிறது. வெட்டினால் உங்கள் கரை சரியும், வெட்டாவிட்டால் எங்கள் பயிர் காயும். நாங்கள் என்னதான் செய்வது?

கெட்டித்த கிராவல் கன மீட்டருக்குச் சுமார் 2 டன். 5 மீட்டர் உயரக் கரை ஒவ்வொரு சதுர மீட்டர் களியின் மீதும் 10 டன் ஏற்றுகிறது. இறங்கிய இடத்தில் இன்னும் கொட்டினால் இன்னும்தான் இறங்கும். தயவுசெய்து பாரத்தைக் குறையுங்கள்.

ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, துறைமுகத்தில் வாரிய சேற்றிலேயே சிமென்ட்டும் நுரையும் கலந்து கரைச்சுவருக்குப் பின்னால் நிரப்பினார்கள். கன மீட்டருக்கு ஒரு டன்னை ஒட்டித்தான் அதன் எடை. டெல்லி நிஜாமுதீன் பாலத்தின் அணுகுசாலைக் கரைக்கு 1990களிலேயே அனல்மின் நிலையச் சாம்பலைப் போட்டார்கள். சாம்பல் மண்ணைவிட லேசு. மழையில் அரிக்கும் என்பதால் ஓரங்களில் மண் போர்வை வேண்டும். ரயிலின் அதிர்வைத் தாங்குமா என்று சோதிக்க வேண்டும் என்பீர்கள். சரி, சோதியுங்கள். அதைத்தான் கேட்கிறோம்.

எண்ணூரில் சாம்பல் கொட்டிக் கொசஸ்தலை ஆற்றைக் கெடுத்து வைத்திருக்கிறோம். இன்னொரு பக்கம் கிராவலுக்காகச் செம்மண் மேடுகளைத் தோண்டித் தீர்க்கிறோம். இதை நினைத்தால் வயிறு எரிகிறது. வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த லாரி வருவதற்கு முன், இறங்கிய அந்த 100 மீட்டரிலாவது எடை குறைந்த கலவையைப் போட்டுப் பாருங்கள். பாரத்தைக் குறையுங்கள் ஐயா. களியில் மாதிரி எடுக்க என் வயலிலேயே துளை போடலாம், வரப்பு வரை வண்டி வரும்.

இப்படிக்கு,
கரையோர விவசாயி