மன்றத்துக்கு கேம் பெட்டி வாங்கும் முன்

மண்டபம் முதல் தொண்டி வரையிலான கடலோர இளைஞர் மன்றப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் கூடவே வந்துவிடும். மன்றத்தில் கூட்டம் சேரும் அந்த நாட்களுக்கு கன்சோல் (டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி) வாங்குவதா, கம்ப்யூட்டர் வாங்குவதா என்ற பேச்சு ஓடுகிறது. ஒரு பெட்டிக்குத்தான் பணம் என்றால், கம்ப்யூட்டர் என்போம்.

வேகத்துக்காகச் சொல்லவில்லை. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 தொட்டே பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களுக்குள் இருப்பது கம்ப்யூட்டர் வகைச் சிப்தான். பிளேஸ்டேஷன் தயாரிக்கும் சோனியின் பெரிய கேம்கள் பலவும் விண்டோஸுக்கு வந்துவிட்டன. இங்கே தீர்மானிப்பது உப்புக் காற்று.

படிந்த உப்பு காய்ந்திருக்கும்வரை தொந்தரவில்லை. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே நீரை இழுத்துக் கசியும். விசிறி உள்ளே கொண்டுவந்த அந்த உப்புநீர், கரண்ட் ஓடும் பின்களுக்கு நடுவே பாலம் போட்டு, செம்பைப் பச்சை பூக்க வைக்கும். கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட் கெட்டால், அதே வேலை செய்யும் பக்கத்து டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதில் மாட்டிக்கொள்ளலாம். கன்சோலில் இருப்பது அந்த ஒன்றுதான், அதுவும் போர்டோடு பற்றவைத்தது. மாற்றத் தேர்ந்த கை வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் இன்னொரு வம்பு: சிப்பின் மேல் சூடு கடத்தும் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. போர்டில் சிந்தினால் ஷார்ட். பழகாதவரிடம் திறக்கக் கொடுக்காதீர்கள். பக்கத் தகட்டைக் கழற்றி, தூசி சேரும் இரண்டு துளைகளை வேக்குவம் வைத்து உறிஞ்சினால் போதும். கம்ப்யூட்டருக்கு புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் பேரிங் கெடும். எதை வாங்கினாலும் கச்சான் காற்று அடிக்கும் சன்னலோரம் வைக்காதீர்கள். ஓடும்போது துணி போட்டு மூடவும் கூடாது.

தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணமில்லையென்றால் கிராஃபிக்ஸும் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி போன்ற சிப் போதும், புதுப் பெரிய கேம்களை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கடையில் 16 ஜிபி ரேமை ஒரே ஸ்டிக்காகத் தள்ளப் பார்ப்பார்கள். 8 ஜிபியாக இரண்டு கேளுங்கள். சிப்புக்குள்ளிருக்கும் கிராஃபிக்ஸ், ரேமை நம்பியே ஓடுகிறது; இரண்டு ஸ்டிக் என்றால் தரவு இரண்டு வழியில் வரும், ஒற்றை ஸ்டிக்கில் கேம் திணறும்.

கன்சோல்தான் என்று முடிவெடுத்தால் டிஸ்க் போடும் மாடலாகப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்-இல் டிஸ்க் போட இடமே இல்லை. 100 ஜிபி கேமை இறக்க 30 எம்பிபிஎஸ் ஃபைபரில் ஏழரை மணி நேரம்; தினம் 2 ஜிபி சிம்மில் 50 நாள், தடைக்காலமே முடியப்போகும். ஆன்லைன் கடையும் நிரந்தரமல்ல. 2024 ஜூலை 29-இல் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை மூடினார்கள். டிஸ்க் வைத்திருப்பவர்கள் இன்னும் ஆடலாம். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் ரெஸ்ட் மோடில் (பாதி உறக்கத்தில்) விடாமல் முழுதாக அணையுங்கள், சேமித்தது பழுதாகலாம். 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தால் சேமித்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும்.

செல்போன் போதுமே என்பவர்களுக்கு: நாலு பேர் ஒரே திரையில் உட்கார்ந்து ஆட அது உதவாது.

கன்சோலின் பெரிய பலம், அதில் வேறு வேலை பார்க்க முடியாததுதான். கம்ப்யூட்டரில் காலையில் பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவார்கள், மதியம் யாரோ வைரஸ் பென்டிரைவைச் செருகுவார்கள். எனவே ஆடுபவர்களுக்குத் தனிக் கணக்கு போடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அப்படிப் பொறுப்பேற்க ஆளில்லாத மன்றம் எங்கள் பேச்சைக் கேட்க வேண்டாம், டிஸ்க் போடும் கன்சோலையே வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கடலோரப் பழுதுபார்ப்போர்